ஒரே தண்ணீரில் கழுவிய காய்கறி

உடம்பு தேறி வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். "அப்படி என்னத்தத்தான் சாப்பிட்டீக டீச்சர்?" ரோட்டுக்கடைப் புரோட்டா என்றோ, முந்தின நாள் கறிக்குழம்பு என்றோ சொல்லியிருந்தால் அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "வெள்ளரிக்காய், கேரட், மல்லித்தழை" என்று நான் சொன்னதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கொண்டுவந்த ஆப்பிளை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆளாளுக்கு விளக்கிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது. எழுதி வைத்துவிட்டால் இனிமேல் வருகிறவர்களிடம் நீட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் காரைக்குடிக்காரி. பெயர் தனலெட்சுமி. அமராவதிபுதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியும், அதை இங்கே எழுதுவதாக இல்லை. எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள் நான். அதனால் எனக்கெல்லாம் ஒன்றும் வராது என்கிற திமிரும் கொஞ்சம் உண்டு. சர்க்கரை மட்டும் சில வருடங்களாக இருக்கிறது.

எங்கள் பக்கத்துச் சமையலில் பச்சைக் காய்க்கு இடமே கிடையாது. வதக்குவோம், வேகவைப்போம், அரைத்து விடுவோம், அதற்கு மேலும் ஒரு தாளிப்பு போட்டால்தான் மனசு ஆறும். கேரட்டை அப்படியே கடித்தால், "நீ என்ன ஆடா?" என்று கேட்பார்கள். இப்படி வளர்ந்த என்னிடம் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர், "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் பச்சைக் காய் சாப்பிடுங்க, சோறு தானா குறையும்" என்றார். முதலில் முகம் சுளித்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். சர்க்கரை இறங்கியது. அப்புறம் அதுவே பழகிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கும் டப்பாவில் எடுத்துப்போக ஆரம்பித்தேன்.

பச்சையாகச் சாப்பிடுகிற காய் சுத்தமாக இருக்க வேண்டுமே என்று சந்தையை விட்டுவிட்டு, புதிதாகத் திறந்திருந்த ஏசி கடைக்கு மாறினேன். அங்கே காய்களெல்லாம் துடைத்து அடுக்கியிருக்கும். கீரைக்கும் மல்லிக்கும் மேலே ஒரு குழாய் இருந்து அவ்வப்போது சன்னமாகத் தண்ணீர் தூவும். சந்தைக் காயில் மண் ஒட்டியிருக்கும், இதில் ஒரு பொட்டு மண் இருக்காது. மண் இல்லை என்றால் அழுக்கு இல்லை என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கழுவாமல் சாப்பிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கழுவுவதில் எனக்கு ஒரு முறை உண்டு. சிவகங்கைச் சீமையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் கை தானாகச் சுருங்கும். குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே காயைக் காட்டிக்கொண்டு நிற்பதை எங்கள் வீட்டில் யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் பெரிய எவர்சில்வர் பேசினில் தண்ணீர் பிடித்து, கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டுக் கலக்கி, எல்லாக் காயையும் மொத்தமாக அதில் போட்டுவிடுவேன். வேரோடு இருக்கிற மல்லிக்கட்டு, முள்ளங்கி, வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ் இலை எல்லாம் ஒரே தண்ணீரில் ஊறும். அலசி எடுத்த பிறகு அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். தண்ணீரை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று வகுப்பில் இதையே உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன்.

என் ஒரே மகள் கார்த்திகாவைத் தேவகோட்டையில் கொடுத்திருக்கிறோம். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். கிழக்குப் பக்க அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்தாயிற்று. பிள்ளை பிறந்ததும் நான்தான் கையில் வாங்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், மகளுக்குப் பூண்டுக்குழம்பு வைத்துக்கொடுக்க வேண்டும். அந்த வருடம் எனக்கு இதைத் தவிர வேறு ஆசையே இல்லை. பள்ளிக்கூடத்தில் விடுப்புக்குக்கூட முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் காய்ச்சல் வந்தது.

முதலில் நீர்க்கடுப்பு. பொம்பளைகளுக்கு வருவதுதானே என்று மோரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். மறுநாள் விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாக வலித்தது. தெருமுனை டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாத்திரை உள்ளே போனதே தவிர வலி வெளியே போகவில்லை. வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது திடீரென்று குளிர் எடுத்தது. சித்திரை வெயிலில் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. சாக்பீஸ் கையிலிருந்து விழுந்ததும் முதல் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பயந்து ஓடிப்போய்ப் பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூட்டிவந்தார்கள்.

என் வீட்டுக்காரர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனை கூட்டத்திலும் பதறாத மனிதர். அன்றைக்கு ஆட்டோவில் என்னை ஏற்றும்போது அவருக்குச் செருப்பு மாறிப்போனது தெரியவில்லை. ஒரு காலில் அவர் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு. காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் அதைக் கவனித்தோம். அந்தக் காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், வயிற்றில் வழவழவென்று எதையோ தடவி ஸ்கேன் பார்த்தார்கள். சிறுநீர்ப் பையில் உண்டான தொற்று மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்றார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் ஏறுமாம். கையில் ஊசி குத்தி, பாட்டிலில் மருந்து இறங்கியது. "ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுரும், பயப்படாதீக" என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். காய்ச்சல் விடவில்லை. மருந்து ஏறும்போது கொஞ்சம் இறங்குவது மாதிரி போக்குக் காட்டிவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டது.

கல்ச்சர் என்று ஒரு பரிசோதனை உண்டு. சிறுநீரில் இருக்கிற கிருமியை ஒரு தட்டில் தீனி போட்டு வளர்ப்பார்கள். வளர்ந்த பிறகு அதன்மேல் ஒவ்வொரு மருந்தாக வைத்துப் பார்ப்பார்கள். எந்த மருந்தைச் சுற்றிக் கிருமி சாகிறதோ அந்த மருந்து வேலை செய்யும். ஒரு மருந்தை வைத்தும் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தால் அந்த மருந்து வீண். கிருமி வளர்வதற்கு நாள் பிடிக்கும், அவசரப்படுத்த முடியாது. அதுவரை டாக்டர்கள் அனுபவத்தை வைத்து ஊகமாக ஒரு மருந்து கொடுப்பார்கள். எனக்கு அந்த ஊகம் தப்பிவிட்டது.

முடிவு வந்த அன்று டாக்டர் என்னிடம் பேசாமல் என் வீட்டுக்காரரை வெளியே கூப்பிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உடம்பு என்னோடது, எங்கிட்ட சொல்லுங்க" என்று படுத்தபடியே கத்தினேன். டாக்டர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சாதாரணமா கொடுக்கிற மருந்து எதுக்கும் இந்தக் கிருமி மசியலம்மா. ரத்தத்துலயும் கலந்திருக்கு. பிரஷர் இறங்குது. மதுரைக்குக் கொண்டுபோயிருங்க."

ஆம்புலன்ஸில் போகும்போது எனக்கு நினைவு வந்து வந்து போனது. திருப்பத்தூரைத் தாண்டியது தெரியும், மேலூர் தெரியாது. சாவைப் பற்றி எல்லோரும் என்னென்னவோ சொல்கிறார்கள், எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. கார்த்திகாவின் பிரசவத்துக்கு யார் பூண்டு உரிப்பார்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. பயந்தேன், நன்றாகவே பயந்தேன்.

மதுரையில் என்னைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர், தொற்றுநோய்களுக்கென்றே படித்தவர். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. மெரோபெனம் என்று ஒரு மருந்தை ஆரம்பித்தார். மற்ற மருந்தெல்லாம் தோற்ற பிறகு எடுக்கிற, பத்திரமாகப் பொத்தி வைத்திருக்கிற மருந்து அது. விலையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் என் தம்பிக்குப் போன் போட்டார். ஆசிரியர்களுக்கான காப்பீடு கொஞ்சம் தாங்கியது, மீதியை என் தம்பி எப்போது கட்டினான் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கேட்டால், "கணக்கு டீச்சருக்கு இதுல ஒரு கணக்கும் கிடையாது, பேசாம படு" என்பான்.

அந்த மருந்துதான் கேட்டது. காய்ச்சல் படியிறங்குவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கண் தெளிந்து, கட்டிலில் சாய்ந்து உட்கார முடிந்ததும் நான் டாக்டரைக் கேட்ட முதல் கேள்வி, "இது எங்கேயிருந்து வந்துச்சு?" என்பது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சமீபத்தில் எந்த ஆஸ்பத்திரியிலாவது படுத்திருந்தேனா? இல்லை. டாக்டரைக் கேட்காமல் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிற பழக்கம் உண்டா? கிடையாது, எனக்கு மாத்திரை என்றாலே பிடிக்காது. சாப்பாடு எப்படி? பச்சையாக ஏதாவது சாப்பிடுவேனா?

"தினமும்" என்றேன் பெருமையாக.

"எப்படிக் கழுவுவீங்க?"

அதற்காகவே காத்திருந்த மாதிரி என் பேசின், கல்லுப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவதையும் விடவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. வருடக்கணக்காகப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பழகியவளுக்கு அது கூடவா தெரியாது?

"டீச்சர், ஒரு மல்லிக்கட்டு வேர்ல கிருமி இருக்குன்னு வச்சுக்கோங்க. நீங்க அதை அந்தத் தண்ணியில போட்டதும் வெள்ளரிக்காய்க்கும் கேரட்டுக்கும் பங்கு வச்சுக் கொடுத்துட்டீங்க."

"மஞ்சள் போட்டேனே!"

"புழு பூச்சி வெளியே வரும். இந்தக் கிருமிக்கு அது ஒரு பொருட்டே இல்ல."

கட்டிலிலிருந்து எழுந்து போய்விடலாம் போல இருந்தது. நான் ஏதோ சோம்பேறித்தனத்தில் இப்படிச் செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒவ்வொரு நாளும் சிரத்தையாக, தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. நல்ல பழக்கம் என்று நினைத்ததே காலை வாரிவிட்டால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

டாக்டர் பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி இங்கே சொல்கிறேன். நம் குடலில் எப்போதும் கிருமிகள் குடியிருக்கின்றன, பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. ஈ.கோலை என்பது அதில் ஒரு கூட்டம். அதில் சிலது, மருந்தைக் கண்டதும் அதைத் துண்டாக வெட்டிப்போடுகிற ஒரு பொருளைத் தானே சுரக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. கற்றதோடு நிற்பதில்லை, பக்கத்தில் இருக்கிற வேறு கிருமிக்கும் அந்த வித்தையைக் கொடுத்துவிடும். பரீட்சையில் ஒருத்தன் விடையைப் பின் பெஞ்சுக்குக் கடத்துவது மாதிரி. சாக்கடைத் தண்ணீர் பாய்கிற வயல், மருந்து கலந்த தீனி தின்ற கோழிகளின் எரு, தூவுகிற தண்ணீர், விற்கிறவர் கை, வாங்குகிறவர் கை என்று எந்த வழியாகவும் அது காய்கறிக்கு வரலாம். காயைப் பார்த்தால் தெரியாது, வாடாது, நாறாது. பச்சையாகச் சாப்பிட்டால் குடலுக்குள் போய் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். சந்தர்ப்பம் கிடைத்தால் சிறுநீர்ப் பாதைக்கு ஏறும்.

"அப்ப அந்தக் கடையாலதான் எனக்கு வந்துச்சா? எத்தனை சதவீதம் உறுதி?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது டீச்சர். அந்தக் காய் இப்ப இல்ல, நீங்க சாப்பிட்டுட்டீங்க. கடையில இருந்தும் இருக்கலாம், சந்தையில இருந்தும் இருக்கலாம், வேற எதுலயும் இருக்கலாம். காய் மேல இந்த மாதிரிக் கிருமி இருக்கும்கிறது நிச்சயம். உங்களுக்கு அதுலதான் வந்துச்சுங்கிறது என் ஊகம்."

எனக்கு விடை தெரியாத கணக்கு பிடிக்காது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரைப் பிடித்துவிட்டது. குற்றவாளி என்று ஒருவரையும் பிடிக்க முடியாத இந்த நோய் என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துகிறது. சளிக்கும் வயிற்றுப்போக்கிற்கும் மிட்டாய் மாதிரி மாத்திரை விற்கிற கடைக்காரர், சீக்கு வராமலே கோழிக்கு மருந்து போடுகிறவர், பாதி மாத்திரையோடு நிறுத்திவிடுகிற நம்மவர்கள், ஆற்றில் சாக்கடையை விடுகிற ஊர்கள் என்று எல்லோருமாகச் சேர்ந்து வளர்த்த கிருமி, எங்கோ இருந்த ஒருத்தியின் சாப்பாட்டு டப்பாவில் வந்து ஏறியிருக்கிறது.

அந்த மருத்துவமனையில் எனக்குத் தனி அறை. கதவில் ஒரு மஞ்சள் அட்டை. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் கையுறையும் ஏப்ரனும் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும், போகும்போது கழற்றிக் கூடையில் போட வேண்டும். என்னால் மற்ற நோயாளிகளுக்குப் பரவிவிடக் கூடாது என்பதற்காக. நியாயம்தான், மூளைக்குப் புரிந்தது. ஆனாலும் தலையணையைச் சரிசெய்ய வந்த நர்ஸ் கையுறையை மாட்டுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். தொடுவதற்கு முன்னால் யோசிக்கப்படுகிற ஆளாக நான் அதுவரை இருந்ததில்லை. சாதியைச் சொல்லி இதையே வாழ்நாள் பூராவும் அனுபவித்தவர்கள் நம் ஊர்களில் உண்டு என்ற நினைப்பு அங்கேதான் எனக்கு உறைத்தது.

என் வீட்டுக்காரர் ஏப்ரனைப் பின்பக்கம் முன்னாகப் போட்டுக்கொண்டு வருவார். "முப்பது வருஷம் காக்கிய இப்படி ஒழுங்கா மாட்டுனதில்ல தனம், இங்க வந்து மாட்டுறேன்" என்பார். வீட்டில் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், மதுரையில் இருக்கிற தன் சிநேகிதர் வீட்டில் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டு தூக்குவாளியில் கொண்டுவருவார். முதல் நாள் உப்பே இல்லை, மறுநாள் உப்பு மட்டும்தான் இருந்தது. இரண்டையும் நான் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

கார்த்திகாவிடம் சளிக் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தோம். வயிற்றுப்பிள்ளைக்காரி பயந்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். பெண் கொடுத்த இடத்தில் 'அம்மாவுக்கு அடங்காத கிருமியாம்' என்று பேச்சு வரக் கூடாது என்பது இன்னொரு காரணம். என் வீட்டுக்காரர் போனில் வாய் தவறி மதுரை என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அவள் அழுத அழுகையில் எனக்குக் காய்ச்சல் திரும்ப வந்துவிடும் போல இருந்தது.

"நான் இப்பவே கிளம்பி வாரேன்."

"வந்தா உன்ன உள்ளயே விட மாட்டேன். வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குள்ள கால் வச்சுறாத" என்று அதட்டினேன். "உன் மாமியார்கிட்ட காய்ச்சல்னு மட்டும் சொல்லு" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். நோய் போய்விட்டது, ஆனால் கிருமி என் குடலில் பல மாதங்கள் தங்கியிருக்கலாம். எனக்கு ஒன்றும் செய்யாமல் சும்மாவே இருக்கும், தானாகவே ஒருநாள் போய்விடவும் கூடும். அதை விரட்ட மருந்து கிடையாது.

"என் மக பிரசவத்துக்கு வாரா டாக்டர்." என்றேன். "நான் சமைக்கலாமா? பிள்ளையத் தூக்கலாமா?"

"தாராளமா. கழிப்பறை போனதும், சமைக்கிறதுக்கு முன்னாடியும், பிள்ளையத் தொடுறதுக்கு முன்னாடியும் சோப்பு போட்டு நல்லாக் கழுவணும். பிள்ளை வாயில கையை வைக்காதீங்க. குறை மாசமாப் பிறந்தா மட்டும் கூடுதல் கவனம்."

தாராளமா என்ற சொல்லை என் காது வாங்கவே இல்லை. மற்றதெல்லாம் நன்றாகக் கேட்டது. காரில் வரும்போது இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் பழைய முறை எல்லாம் மாறியது. காயை ஒவ்வொன்றாக ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், வேரை முதலிலேயே வெட்டிப் போட்டுவிட வேண்டும், தோலைச் சீவ வேண்டும், முட்டைக்கோஸின் மேல் இலைகளை உரித்து எறிய வேண்டும். இதனாலும் முழுதாகப் போகாது, குறையும், அவ்வளவுதான். சூடுபட்டால் சாகும். அதனால் இப்போதைக்கு எனக்கு எல்லாம் ஆவியில் வெந்ததுதான். காய்கறியே சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் கதை கட்டிவிட வேண்டாம்.

கார்த்திகாவைத் தேவகோட்டையிலேயே இருக்கச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "நீ எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம்மா. எங் கண்ணு முன்னாடி இரு, போதும்" என்று பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். சமையல் அவள் அப்பா, மேற்பார்வை நான், தூரத்திலிருந்து. நான் கை கழுவுகிற வேகத்தைப் பார்த்து அவள் சண்டைக்கு வருவாள். தோல் உரிந்து எரிகிற கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிடப் பக்கத்தில் வருவாள், நான் விலகிப் போவேன். ஒருநாள் அவள் கோபத்தில் எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் டொக்கென்று வைத்துவிட்டு, "நீ எனக்கு அம்மாவா, ஆஸ்பத்திரி நர்ஸா?" என்று கேட்டாள். நான் மறுபடி கை கழுவப் போனேன்.

நாள் இருக்கும்போதே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. காரைக்குடியிலேயே சேர்த்தோம். பெண் குழந்தை. கொஞ்சம் முந்திவிட்டதால் எடை குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் கதகதப்பில் வைத்திருந்து, பிறகு தாயிடம் கொடுத்தார்கள். தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கிப் பார்த்தார்கள். நான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, முகம் யார் ஜாடை என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்தி அம்மா தேவகோட்டையிலிருந்து வந்தார்கள். பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து, கொண்டுவந்திருந்த சீனித்தண்ணியை அதில் ஊற்றினார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக விரலால் தொட்டு இனிப்பு வைப்பதை எங்கள் பக்கம் சேனை வைப்பது என்போம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் யாரை வைக்கச் சொல்வது என்பதில் குடும்பங்களில் சண்டையே நடக்கும். அவர்கள் பக்கத்தில் நாத்தனார் இருக்கிறார், பெரியப்பா இருக்கிறார்.

"மதினி, நீங்கதான் வைக்கணும்" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்கள். "இத நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன். பிள்ளை உங்கள மாதிரி தைரியமா, அறிவா வரட்டும்."

என் வாழ்க்கையில் எனக்கு யாரும் கொடுக்காத மரியாதை அது. என் விரல் தானாகவே கிண்ணத்தை நோக்கி நீண்டது. ஒரு சொட்டுதானே, கையைத்தான் கழுவியிருக்கிறேனே என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. கார்த்திகா கட்டிலிலிருந்து என்னையே பார்த்தாள். ஆஸ்பத்திரியில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நாளைக்கு வீட்டுக்கு வந்தும் அதே கிண்ணம் நீளும். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"நான் வைக்கக் கூடாது மதினி. எனக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல் இல்ல. மருந்துக்கு அடங்காத கிருமி. மதுரையில சாகக் கிடந்தேன். உங்ககிட்ட மறைக்கச் சொன்னது நான்தான். இப்பவும் அது என் குடலுக்குள்ள இருக்கலாமாம். பிள்ளை குறை மாசம். அதுக்கு என் கையால ஒண்ணு வந்துச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

சம்பந்தி அம்மா கிண்ணத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து வாஷ்பேசின் பக்கம் போனார்கள். இனி எங்கள் வீட்டுப் பக்கம் பிள்ளையை விட மாட்டார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சீனித்தண்ணியை அதில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

"அப்ப யாரும் வைக்க வேணாம். அது யாரு மாதிரியும் வர வேணாம். அது மாதிரியே அது வளரட்டும்."

பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "இந்தாம்மா, இவுக கையைக் கழுவிட்டுப் பிள்ளையத் தூக்கலாம்ல?" என்று கேட்டார்கள். நர்ஸ், "இதென்ன கேள்வி, தூக்கலாம்" என்றாள்.

"இவ்வளவு நாளும் இதையா மனசுல வச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருந்தீக?" என்று என்னை அதட்டினார்கள். நான் கழுவிவிட்டு வந்ததும் துணியோடு பிள்ளையை எடுத்தார்கள். "வாயில வைக்கத்தான கூடாது? மடியில வச்சுக்கங்க."

பிள்ளை கனக்கவே இல்லை. இரண்டு கையையும் அடியில் கொடுத்து ஏந்திக்கொண்டேன்.